எடைக்கு எடை வெல்லம்

அம்மிணி,

நேற்று உன்னையும் குழந்தையையும் சங்ககிரி பஸ்ஸில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தவன், சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் சாய்ந்தேன். உன் அம்மா உலுக்கி எழுப்பியபோது பொழுது சாய்ந்திருந்தது. "ஏனுங்க, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நான் பகலில் தூங்கி அவள் பார்த்ததில்லை, பயந்துவிட்டாள். உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசு லேசாகிவிட்டது, அதுதான் தூக்கம் வந்துவிட்டது என்றேன். மூட்டை தூக்கிப் பிழைத்தவனுக்கு இது நன்றாகத் தெரியும். சுமக்கும்போது அவ்வளவாக உறைக்காது. இறக்கி வைத்த பிறகுதான் கால் நடுங்கும், கண்ணைச் சொக்கும்.

நேரிலேயே பேசியிருக்கலாமே, இப்போது எதற்குக் கடிதம் என்று நீ கேட்பாய். ஏழு மாதம் இதே வீட்டில்தானே இருந்தாய். இரண்டு பேர் காலை நீட்டினால் மூன்றாவது ஆள் வாசலுக்குப் போக வேண்டிய வீடு, ஒளிந்துகொள்ளக்கூட இடமில்லை. இருந்தும் எனக்கு வாய் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் "அம்மிணி" என்று ஆரம்பித்து, "கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று முடித்தேன். இந்த ஏழு மாதத்தில் நான் அத்தனை தண்ணீர் குடித்ததற்கு வெயில் காரணமில்லை. எட்டாவது வரை படித்ததை இப்படியாவது பயன்படுத்திக்கொள்கிறேன். குழந்தை தூங்கும்போது தனியாக உட்கார்ந்து படி. மாப்பிள்ளையிடம் காட்டுவதா வேண்டாமா என்பது உன் இஷ்டம்.

உனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்தான் என்பது உனக்குத் தெரியும். அவனைப் பற்றி நாங்கள் அதிகம் பேசியதில்லை. அப்போது எனக்கு ஆலை வேலை கிடையாது, நானும் உன் அம்மாவும் காட்டுக் கூலி. அது மழை பொய்த்த வருஷம். கூலி கிடைத்த நாளில் களி, கிடைக்காத நாளில் முந்தின நாள் களியைக் கரைத்த தண்ணீர். அவனுக்கு ஒன்றரை வயது. வயிற்றாலே போய் மூன்றே நாளில் முடிந்துவிட்டான். அவனைத் துண்டில் சுற்றி நான்தான் தூக்கிக்கொண்டு போனேன். நடு வழியில் நின்று துண்டை விலக்கிப் பார்த்தேன், அம்மிணி. கை கனக்கவே இல்லை. பிள்ளையை எங்கேயோ தவற விட்டுவிட்டு வெறும் துண்டைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேனோ என்று சந்தேகம் வந்துவிட்டது. முந்தாநாள் வரைக்கும் இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன் அம்மாவிடம்கூட. அதன் பிறகு உன் விஷயத்தில் நான் செய்த நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் அந்தக் கனக்காத கைதான் காரணம் என்று இப்போது தோன்றுகிறது.

அவனுக்கு அடுத்து நீ பிறந்தாய். மூன்று வயதில் உனக்கு அம்மை போட்டது. ஒன்பது நாள் நீ கண்ணைத் திறந்து யாரையும் பார்க்கவில்லை. வேப்பிலைப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உன் அம்மா நம் ஊர் மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டாள். "தாயே, எம்புள்ளைய எந்திரிக்க உட்டுரு. அவ எடைக்கு எடை வெல்லம் போடறேன்" என்றாள். நீ எழுந்தாய், எலும்பும் தோலுமாக எழுந்தாய். அன்றைக்கே தராசில் உட்கார வைத்திருந்தால் ஒரு கூடை வெல்லத்தில் காரியம் முடிந்திருக்கும். அந்த ஒரு கூடைக்கே எங்களுக்கு வழியில்லை. "அடுத்த வருசம் ஆத்தா திருவிழா நோம்பிக்குப் போட்டுக்கலாமுங்க, அதுக்குள்ள புள்ளையும் கொஞ்சம் தேறட்டும்" என்றாள். பிள்ளை தேறத் தேற வெல்லமும் கூடும் என்பது அப்போது இரண்டு பேர் புத்திக்கும் எட்டவில்லை.

எழுபதாம் வருஷம் வாக்கில், ஆட்டையாம்பட்டிக்குப் போகிற ரோட்டில் இருந்த ஜவ்வரிசி ஆலையில் எங்கள் இருவருக்கும் வேலை கிடைத்தது. நம் பக்கத்துக் காடெல்லாம் மரவள்ளிக் குச்சிக்கிழங்காக மாறிக்கொண்டிருந்த காலம் அது. கிழங்கை அரைத்து, பாலைத் தெளியவைத்து, மாவாக்கி, உருட்டி, வறுத்து, களத்தில் காயவைத்த பிறகு மூட்டை பிடிக்கிற இடத்தில் நான் இருந்தேன். மூட்டையை மேடைத் தராசில் ஏற்றி, எடையைச் சரிபார்த்து, வாயைத் தைத்து அடுக்க வேண்டும். உன் அம்மா களத்தில் ஜவ்வரிசியைப் பரப்பித் துழாவிக்கொண்டிருப்பாள். வாரக் கூலியோடு, களத்தைக் கூட்டி அள்ளிய உடைந்த ஜவ்வரிசிக் குருணையையும் ஆளுக்கு இரண்டு படி அளந்து கொடுப்பார்கள்.

அந்தக் குருணைதான் உன்னை வளர்த்தது. காலையில் சர்க்கரை போட்ட குருணைக் கஞ்சி. மத்தியானம் ரேஷன் அரிசிச் சோறும் புளித்தண்ணீர் ரசமும். நடுவில் பசித்தால் வேகவைத்த கிழங்கு. சாயங்காலம் ஆலை வாசல் கடையில் டீயும் பன்னும். நீ கேட்டபோதெல்லாம் கொடுத்தோம், கேட்காதபோதும் கொடுத்தோம். சனிக்கிழமை கடைசி மூட்டையை இறக்கியதும் உன்னைத் தூக்கித் தராசில் நிறுத்துவேன். போன வாரத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருந்தால் எனக்கு அந்த வாரக் களைப்பெல்லாம் போய்விடும். "இந்த மூட்டைக்கு வாயத் தைக்கறதில்லீங்களா?" என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். நீ இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாய்.

இன்னொரு காரியமும் செய்தேன். இனிமேல் இந்த வீட்டில் களி கிண்டக் கூடாது என்று உன் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். ராகிக் களி, கம்பஞ்சோறு, வேலியோரத்தில் பறித்த கீரை என்று எதைப் பார்த்தாலும் எனக்கு அந்த வருஷம்தான் ஞாபகம் வரும். அது ஒரு காரணம். இன்னொரு காரணம் வெறும் வீம்பு. விருந்தாளி வந்தால் களிச் சட்டியை ஒளித்து வைத்தவன் நான். எங்கள் வீட்டில் அரிசிச் சோறு என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அப்படி ஒரு பெருமை. உன் அம்மா முதலில் முணுமுணுத்தாள். "களி தின்னா ஒரு நாளெல்லாம் நிக்குமுங்க, சோறு போன எடம் தெரியறதில்லீங்க" என்றாள். அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கோழி நான்கு வளர்த்தோம். அப்போதெல்லாம் அவை இட்ட முட்டை ஒன்றுகூட நம் சட்டியில் வெந்ததில்லை. நாமக்கல் பக்கம் பண்ணைகள் பெருகி லாரி லாரியாக முட்டை வெளியூருக்குப் போய்க்கொண்டிருந்தபோதும், நாட்டுக்கோழி முட்டைக்குக் கடையில் தனி மரியாதை. முட்டை கடைக்குப் போகும், பன் வீட்டுக்கு வரும். ஒரு முட்டை உனக்கு ஒரு வாய்க்குக் காணாது, அதற்கு மாற்றாக வருகிற பன் வயிற்றை நிரப்பிவிடும் என்று நான் கெட்டிக்காரத்தனமாக நினைத்தேன். வேறு என்னதான் செய்திருக்க முடியும் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கியும் பார்த்திருக்கிறேன். பருப்பும் காயும் சந்தை நாளில் மட்டும்தான் வீட்டுக்குள் தலைகாட்டும். இரண்டு பேரும் விடிந்தால் வேலைக்கு ஓடுகிற வீட்டில், கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வெந்துவிடுகிற கஞ்சிதான் தோது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் வேலியோரத்துக் கீரைக்கு நம்மிடம் யாரும் காசு கேட்டதில்லை. அதை நிறுத்தியது நான்.

நீ வளர்ந்தாய். உயரத்தைவிட அகலம் அதிகமாக வளர்ந்தது. ஆரம்பத்தில் எல்லாரும் மெச்சினார்கள். "புள்ளைய நல்லாப் பூசுனாப்ல வெச்சிருக்கறீங்க" என்பார்கள், எனக்கு நெஞ்சு விரியும். ஒவ்வொரு நோம்பிக்கும் உன் அம்மா, "இந்த வருசம் போட்டரலாமுங்களா?" என்பாள். நான் கடைசிச் சனிக்கிழமை எடையைச் சொல்வேன். இரண்டு பேரும் சிரித்துவிடுவோம். "ஆத்தா நம்பளவிடச் சாமர்த்தியமுங்க. காத்திருந்தா வெல்லம் கூடும்னு அவளுக்குத் தெரிஞ்சிருக்குது" என்பாள். அப்படியே வருஷங்கள் போயின.

நீ ஏழாவது படித்தபோது அந்தச் சனிக்கிழமை வந்தது. உன் அம்மாவுக்குத் தூக்குப்போசியில் சோறு கொண்டுவந்திருந்தாய். "வேண்டாமுங்கப்பா" என்று நீ பின்வாங்கினாய். அந்த வயதுக்கான கூச்சம் உனக்கு வந்திருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. "ஏறு சாமி, பாக்கலாம்" என்று கையைப் பிடித்துத் தராசில் ஏற்றினேன். ஐம்பத்தெட்டு கிலோ காட்டியது. அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். மாவு குறைகிறது என்று ஒரு வாரமாகவே எல்லாரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்த மனுஷன். தராசைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார். "அட, எம்பட மாவெல்லாம் எங்க போகுதுன்னு இப்பல்ல தெரியுது" என்றார். களத்தில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன், அம்மிணி. இதை எழுதத்தான் இத்தனை சுற்றிக்கொண்டு வந்தேன். சிரிக்காமல் நின்றால் அது திருட்டுப் பட்டமாகிவிடும், சிரித்துவிட்டால் வேடிக்கையாகப் போய்விடும் என்று அந்த ஒரு நொடியில் என் புத்தி முடிவு செய்தது. கூலிக்காரன் பிள்ளை மெலிந்திருந்தால் உலகம் பாவம் என்று சொல்லும். பெருத்திருந்தால் எங்கே திருடினான் என்று பார்க்கும். அது எனக்குப் புரிந்ததால்தான் பயந்தேன், பயந்ததால்தான் சிரித்தேன். நீ முதலாளியைப் பார்க்கவில்லை, சிரித்த மற்றவர்களையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாய். பிறகு மெதுவாக இறங்கி, தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். அதற்கப்புறம் பன்னிரண்டு வருஷம் நீ எந்தத் தராசிலும் ஏறவில்லை. அம்மா வேண்டுதல் பேச்சை எடுத்தால் எழுந்து வெளியே போய்விடுவாய். உன்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் யாரோ உன் உடம்பைப் பற்றி ஜாடையாகப் பேசியபோது, லாரிப் பட்டறையில் இருந்து நேரே வந்திருந்த மாப்பிள்ளை, "எடை போட்டு வாங்க இதென்ன சந்தைங்களா?" என்று கேட்டாரே, அன்றைக்கு நான் வீட்டுக்குப் பின்னால் போய் அழுதேன். அவருக்கு இருந்த தைரியம் பெற்றவனுக்கு இல்லாமல் போனது.

ஏழாவது மாதம் வளைகாப்பு முடிந்து நீ இங்கே வந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. "ஆத்தா வெல்லத்தைக் கேக்கறாளுங்க" என்று உன் அம்மா ஒரே புலம்பல். எனக்குள்ளே வேறு பயம். ஒரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன கையால் இன்னொன்றையும் தூக்க நேருமோ என்று நினைத்தாலே சோறு இறங்காது. டவுன் ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே நர்ஸம்மா முதலில் சொன்னதே தராசில் ஏறு என்றுதான். நீ சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாய்.

"ஏறும்மா, பின்னாடி எத்தனை பேர் நிக்கறாங்க பாரு."

"மாட்டனுங்க."

"எடை தெரியாம டாக்டர் என்னன்னு மருந்து எழுதுவாங்க?"

"மாட்டனுங்க" என்று மறுபடியும் சொன்னாய். வரிசையில் நின்ற பெண்கள் எல்லாரும் உன்னைப் பிடிவாதக்காரி என்று நினைத்திருப்பார்கள். அந்த வராந்தாவில் காரணம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். என்ன தோன்றியதோ, செருப்பைக் கழற்றிவிட்டு நானே தராசில் ஏறி நின்றுவிட்டேன். "ஏங்க பெரியவரே, உங்களுக்கு எத்தனாவது மாசம்?" என்று நர்ஸம்மா கேட்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது. "நாப்பத்தாறு கிலோ, இன்னும் தேறணும்" என்று முள்ளைப் பார்த்து வேறு சொன்னாள். நீயும் சிரித்துவிட்டாய். பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ஏறினாய். நான் முள்ளைப் பார்க்கவில்லை, அம்மிணி. எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டரம்மா உன் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அழுத்திப் பார்த்தார். ரத்தம் ரொம்பக் குறைவு, பிரஷரும் சர்க்கரையும் அதிகம் என்றார். எனக்குப் புரியவில்லை. இத்தனை பெரிய உடம்பில் ரத்தம் எப்படிக் குறையும்? சின்ன வயதில் என்ன சாப்பிட்டாய் என்று அவர் கேட்க, நீ ஒன்றுவிடாமல் சொன்னாய். அப்போதுதான் அந்தச் சங்கதி வெளியே வந்தது. "பள்ளிக்கூடத்துல மத்தியானம் கோதுமை உப்புமா போடுவாங்க. 'உனக்கெதுக்கு இது, ஒட்டி ஒலந்ததுங்க திங்கட்டும்'னு பரிமாறறவங்க ஒருநாள் சொல்லிப்போட்டாங்க. அப்பறம் நான் வரிசைல நிக்கறதில்லீங்க. ஊட்டுக்கு வந்து குருணைக் கஞ்சி குடிச்சுக்குவேன்" என்றாய். எத்தனை வருஷம் இதை எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தாய். சொல்லியிருந்தால் நான் போய்ச் சண்டை போட்டிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஆலையில் சிரித்தவன் அங்கே மட்டும் என்ன செய்திருப்பான்?

"நாங்க ஒரு நாளும் புள்ளையப் பட்டினி போட்டதில்லீங்கம்மா" என்று டாக்டரம்மாவிடம் சொன்னேன். என் குரல் எனக்கே கெஞ்சுகிற மாதிரி கேட்டது. அவர் திட்டவில்லை. "தெரியுதுங்க பெரியவரே. வயித்துக்குக் குறை வைக்கலை. ஆனா ரத்தம் பட்டினி கெடந்திருக்கு. இது வசதியில ஊதின ஒடம்பு இல்லைங்க, இல்லாத வீட்டு ஒடம்பு. இந்தப் பக்கம் நிறையப் பாக்கறேன்" என்றார். சர்க்கரை, பன், குருணைக் கஞ்சி எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லி, மருந்தும் எழுதிக் கொடுத்தார். தினம் ஒரு முட்டை, முருங்கைக்கீரை, பருப்பு, பயறு. "ராகி, கம்பெல்லாம் உங்க பக்கம் சுலபமாக் கிடைக்குமில்ல?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். நான் வீட்டைவிட்டு விரட்டியதை எல்லாம் அந்த அம்மா வரிசையாகத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வரும்போது நான் பேசவே இல்லை என்று நீ கோபித்துக்கொண்டாய். என்ன பேசுவது? இரண்டு பிள்ளைகளும் பட்டினிதான் கிடந்திருக்கிறீர்கள். அவன் அதனால் லேசானான், நீ அதனால் கனமானாய். அவன் பட்டினி என் கண்ணுக்குத் தெரிந்தது, உன் பட்டினியைச் செழிப்பு என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் உன் அம்மா களி கிண்டியதை நீ பார்த்தாயே. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் அவள் கைக்கு மறக்கவில்லை. நானும் ஒரு உருண்டை வாங்கி, முருங்கைக்கீரைக் கடைசலில் தொட்டு விழுங்கினேன். தொண்டையில் நின்றது, அப்புறம் இறங்கிவிட்டது. நீ தினமும் காலையில் வாய்க்கால் வரைக்கும் நடந்தாய், சொன்ன மருந்தைச் சொன்னபடி தின்றாய். மாதா மாதம் ஆஸ்பத்திரியில் நீயே போய்த் தராசில் ஏறினாய். கால் வீக்கம் வடிந்தது, முகத்தில் ஒரு தெளிவு வந்தது. வலி எடுத்த அன்று பொழுது விடிந்து பால்காரர் போகிற நேரத்துக்கெல்லாம் பிரசவம் ஆகிவிட்டது. "அப்புச்சி, புடிங்க உங்க பேத்திய" என்று நர்ஸம்மா என் கையில் கொடுத்தாள். மூன்று கிலோவுக்குக் கொஞ்சம் கூட என்றாள். எனக்கு அந்தக் கிலோ தேவைப்படவில்லை. கை கனத்தது, அம்மிணி. அளவாகக் கனத்தது. உன் பிரஷரும் இறங்கிவிட்டது, சர்க்கரையும் இறங்கிவிட்டது, சாப்பாட்டை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்ன அன்றுதான் நான் வயிறார ஒரு வேளை சாப்பிட்டேன்.

போன வாரம் உன் அம்மா வேண்டுதல் பேச்சை எடுத்தபோது, விடு, அம்மனுக்குத் தெரியும் என்று நான் வாயை அடைத்தேன். குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த நீ நிமிராமலே, "போட்டரலாமுங்கப்பா, நான் ஏறறேன்" என்றாய். மாப்பிள்ளை யாரோ நண்பர் லாரியில் ஜேடர்பாளையத்துப் பக்கமிருந்து வெல்லம் கொண்டுவந்து இறக்கினார். முந்தாநாள் காலையில் கோயிலில் நீ தராசுத் தட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். குழந்தை உன் அம்மா இடுப்பில் அழுதுகொண்டிருந்தது, மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். எதிர்த் தட்டில் உருண்டை உருண்டையாக வைத்துக்கொண்டே இருக்கிறோம், உன் தட்டு எழும்பவில்லை. ஆலையில் என்னோடு மூட்டை அடுக்கிய பெரியவர் ஒருவர் கூட்டத்தில் நின்றிருந்தார். "ஏனப்பா, ஜேடர்பாளையத்துல கரும்பு மிச்சம் இருக்குதா?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

என் வாயும் பழக்கத்தில் கோணியது. அதை நானே உணர்ந்தேன். அப்புறம் எங்கிருந்து வந்ததோ, பேசிவிட்டேன். "சிரிக்காதீங்க. இது எம்புள்ள தின்னு ஏத்துன எடை இல்லீங்க, நான் ஏத்துனது. மொதப் புள்ளையத் தூக்கிட்டுப் போறப்ப எங் கை கனக்கவே இல்லீங்க. அந்தப் பயத்துல இவ மேல ஏத்திப்போட்டேன். சிரிக்கோணும்னா என்னையப் பாத்துச் சிரிங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு முன்னால் வந்தார். கூடையிலிருந்து ஒரு உருண்டையைத் தன் கையாலேயே எடுத்துத் தட்டில் வைத்தார். அதற்கப்புறம் இரண்டு வைத்ததும் உன் தட்டு தரையைவிட்டு எழும்பியது.

மேளச் சத்தத்திலும் குழந்தை அழுகையிலும் நான் சொன்னது உன் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. நீ இறங்கியதும் குழந்தையை வாங்கப் போய்விட்டாய். விழாமல் போயிருந்தால் என்ன செய்வது என்றுதான் எழுதி வைக்கிறேன். உன் அம்மா கேட்டுவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் என் இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இனிமேல் சங்ககிரியில் உன் பாடு. குழந்தை கொஞ்சம் இளைத்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடு, பிஸ்கட்டை நனைத்துக் கொடு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். கொஞ்சம் பூசினால் கண் வைப்பார்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் பார்க்கிற எடையோடு நிறுத்திக்கொள், என்னைப்போலச் சனிக்கிழமைதோறும் ஏற்றிப் பார்க்காதே. வீட்டில் எல்லாரும் தின்ற மிச்சத்தை நீ தின்னாதே, அது உன் அம்மாவின் பழக்கம், அவளோடு போகட்டும். உன் மகள் ஒல்லியாக வளர்ந்தாலும் பெருத்து வளர்ந்தாலும், அவளைப் பார்த்து யாராவது சிரித்தால், சோறு போடுகிற முதலாளியே சிரித்தாலும், நீ கூடச் சேர்ந்து சிரிக்காதே. இதைத் தவிர உனக்குச் சொல்ல என்னிடம் வேறு புத்திமதி இல்லை. அந்தச் சனிக்கிழமைக்காக என்னை மன்னித்துவிடு, சாமி.

இந்தக் கடிதத்தோடு ஒரு கூடையும் வருகிறது. பஸ் கண்டக்டர் தெரிந்தவர், பத்திரமாகக் கொடுத்துவிடுவார். உள்ளே தவிடு, தவிட்டுக்குள் முட்டை. இன்று காலையில் உன் அம்மா பழைய வழக்கத்தில் ஆறு முட்டையைக் கடைக்கென்று தனியாக எடுத்து வைத்தாள். வைத்துவிட்டு அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளாகவே ஒவ்வொன்றாக எடுத்துத் தவிட்டுக்குள் புதைத்தாள். கூடையைத் தூக்கிப் பார்த்தேன். கை நன்றாகக் கனக்கிறது.

உன் அப்பா